நாக்குக்குத் தெரியாததை மானி சொல்லுமா?

பாலையூற்று என்ற பெயரிலேயே ஓர் ஊற்று இருக்கிறது. திருகோணமலைப் பட்டினத்தோடு ஒட்டியிருக்கும் இவ்வூரிலிருந்து சிறிது தூரத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஏழு கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், ஒன்றின் சூடு மற்றதன் சூடு அல்ல. வாளியை இறக்கி நீரை உடம்பில் ஊற்றியவுடனேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

சூட்டை உடம்பு அறிகிறது. உவர்ப்பை நாக்கு அறிகிறது. கலங்கலைக் கண்ணும் நாற்றத்தை மூக்கும் அறிகின்றன. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைட்டையும் நைத்திரேற்றையும் கிணற்றில் காணப்படும் அளவுகளில் அறிவதற்கு எமக்கு ஒரு புலனும் இல்லை. பளிங்கு போன்ற, இனிப்பான தண்ணீரிலும் அவை அளவுக்கு மிஞ்சி இருக்கலாம். சற்றே கலங்கிய தண்ணீரில் அவை இல்லாமலும் இருக்கலாம்.

“தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே” என்பார்கள். ஒரு கிணற்றின் நீர் குடிக்க உதவாது என்று சொல்வது பெரிய பழி. உதவும் என்று தவறாகச் சொல்வது அதிலும் பெரிய பிழை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆய்வுகூட மேசையில் உள்ள ஒரு சிறு கருவி. அதுதான் பீ.எச். மானியும் அயன் செறிவு மானியும் சேர்ந்த கருவி. அதன் முகப்பில் தோன்றும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதைக் கிராமத்தில் வேலை செய்யும் எல்லோரும் அறிந்திருத்தல் நல்லது.

தெளிந்த நீரில் மறைந்திருப்பவை

புளோரைட்டு சிறிதளவில் பல்லுக்கு நன்மை செய்யும். அளவு கூடினால் அதே பல்லைக் கெடுக்கும். பால் பற்கள் விழுந்து முளைக்கும் நிரந்தரப் பற்கள், குழந்தைப் பருவத்திலேயே முரசுக்குள் உருவாகிவிடுகின்றன. அந்த வயதில் புளோரைட்டு மிகுந்த நீரைக் குடித்து வளரும் பிள்ளையின் பல்லில் முதலில் வெண்மையான கோடுகளும் பிறகு மண்ணிறக் கறையும் தோன்றும். எந்தப் பற்பசையாலும் அது போகாது. பல ஆண்டுகள் மிக அதிகமாக உடம்பில் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

இது பாறை தரும் உபாதை. அப்பற்றைற்று, கருமைக்கா முதலிய கனியங்கள் உள்ள பழைய பாறைகளின் வெடிப்புகளில் நீர் நெடுங்காலம் தங்கும்போது புளோரைட்டு கரைந்து சேர்கிறது. மழை மிகுந்த ஈரவலயத்தில் அது கழுவப்பட்டுவிடும். எமது உலர்வலயத்தில் வெயில் நீரை ஆவியாக்க, கரைந்தது எஞ்சி நிற்கும். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க போன்றோர் இலங்கையின் நிலத்தடி நீரில் இந்தப் பிரச்சினையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதியுள்ளனர். அயலிலும் இது பழைய கதைதான். சென்னை மாகாணத்தில் புளோரைட்டினால் மக்களின் எலும்புகள் பாதிக்கப்பட்டதை 1937 ஆம் ஆண்டிலேயே வைத்தியர்கள் பதிவு செய்தார்கள்.

நைத்திரேற்றோ பெரும்பாலும் மனிதர் தருவது. தோட்டத்தில் மிகையாக இட்ட யூரியா, கிணற்றுக்கு அருகில் வெட்டிய மலக்குழி, மாட்டுப்பட்டி ஆகியவற்றிலிருந்து அது மண்ணூடாக இறங்கிக் கிணற்றைச் சேருகிறது. அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். உடம்பு நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கும் கிணற்று நீரின் நைத்திரேற்றுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க வைத்தியர் கொம்லி என்பவர் 1945 ஆம் ஆண்டு எடுத்துக் காட்டினார்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டையும் 50 மில்லிகிராம் நைத்திரேற்றையும் வழிகாட்டு எல்லையாக வைத்திருக்கிறது. இலங்கையின் 2013 ஆம் ஆண்டுக் குடிநீர் நியமத்தில் புளோரைட்டின் எல்லை 1.0 மில்லிகிராம் ஆகும். வெப்பமான நாட்டில் மக்கள் அதிகம் தண்ணீர் குடிப்பார்கள். ஆகவே எல்லை கீழே இருப்பது நியாயமே.

எலுமிச்சஞ் சாற்றில் பிறந்த கருவி

பீ.எச். என்ற அளவை 1909 ஆம் ஆண்டு வகுத்தவர் டென்மார்க்கு நாட்டுச் சோரன்சன். கோப்பன்கேகனில் கார்ல்ஸ்பேர்க் மதுவடிசாலையின் ஆய்வுகூடத்தில் அவர் வேலை செய்தார். நீர் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்பதை ஓர் எண்ணால் சொல்வதே பீ.எச். ஆகும். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.

இந்த எண்ணை இலகுவாக அளக்கும் மானி ஒரு தோட்டக்காரத் தேவையிலிருந்து பிறந்தது. 1934 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பழச் செய்கையாளர் அமைப்பின் ஆய்வுகூடத்தில் இருந்த கிளென் ஜோசப் என்ற இரசாயனவியலாளர் எலுமிச்சஞ் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் தவித்தார். சாற்றில் கலந்திருந்த கந்தகவீரொட்சைட்டு, பாசிச்சாயத் தாளை வெளிறச் செய்தது. அக்காலத்து ஐதரசன் மின்வாயையும் கெடுத்தது. அவர் தம் பழைய கல்லூரி நண்பர் ஆர்னல்ட் பெக்மனிடம் போனார். கொல்லர் ஒருவரின் மகனான பெக்மன், கண்ணாடி மின்வாயின் மெல்லிய மின்சைகையைப் பெருக்கிக் காட்டும் உறுதியான பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். “அமிலமானி” என்று பெயர் பெற்ற அதுவே இன்றைய பீ.எச். மானிகளின் மூதாதை.

புளோரைட்டை அளக்கும் மின்வாய் 1966 ஆம் ஆண்டு வந்தது. மார்ட்டின் பிராண்ட், ஜேம்ஸ் ரோஸ் என்ற இருவர், இலந்தனம் புளோரைட்டுப் பளிங்குத் துண்டு ஒன்றை மின்வாயின் நுனியில் பதித்தார்கள். அந்தப் பளிங்கு புளோரைட்டு அயனுக்கு மட்டுமே ஏறத்தாழ முழுமையாக வழி விடுகிறது. ஆகவே இதனை அயன் தெரி மின்வாய் என்கிறோம். மின்வாயை மாற்றினால், அதே பெட்டி ஒரு நேரம் பீ.எச். மானி, இன்னொரு நேரம் புளோரைட்டு மானி.

மானி உண்மையில் எதை அளக்கிறது?

இங்கேதான் பலரும் தவறி விடுகிறார்கள். மானி புளோரைட்டை எண்ணுவதில்லை. ஐதரசன் அயன்களையும் எண்ணுவதில்லை. அது அளப்பது மிகச் சிறிய மின்னழுத்தத்தை, அதாவது சில மில்லிவோல்ற்றுகளை மட்டுமே. இத்தனை மில்லிவோல்ற்றுக்கு இத்தனை செறிவு என்ற கணக்கை நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பிழையாகச் சொல்லிக் கொடுத்தால் அது பிழையையே இரண்டு தசம தானங்களோடு அழகாகக் காட்டும்.

25 பாகை செல்சியசில் பீ.எச். ஓர் அலகு மாறும்போது அழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ற்று மாறுகிறது. ஓர் அலகு என்பது சிறு விடயமல்ல. அது பத்து மடங்கு. பீ.எச். 6 உள்ள நீரில் ஐதரசன் அயன் பீ.எச். 7 உள்ள நீரைப் போலப் பத்து மடங்கு. புளோரைட்டுக்கும் இதே கணக்குத்தான். செறிவு பத்து மடங்கானால் அழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ற்று மாறும்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு முன்பள்ளிக் கிணற்றில் உண்மையில் லீற்றருக்கு 1.0 மில்லிகிராம் புளோரைட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்வாய் பழுதாகி, அல்லது நியமக் கரைசல் பிழையாகி, 10 மில்லிவோல்ற்று ஒரு பக்கம் சரிந்தால் மானி 1.5 என்று காட்டும். நல்ல கிணற்றுக்குப் பழி வந்துவிடும். மறு பக்கம் சரிந்தால், உண்மையில் 1.5 உள்ள கிணற்றை 1.0 என்று காட்டும். பிள்ளைகள் தொடர்ந்து அதையே குடிப்பார்கள். பத்து மில்லிவோல்ற்று என்பது ஒரு ரோர்ச் மின்கலம் தரும் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவு கவனக் குறைவு ஒரு பிள்ளையின் பல்லில் கறையாக எழுதப்படலாம்.

முதலில் மானிக்குப் பாடம் சொல்லுங்கள்

பீ.எச். மானியை ஒவ்வொரு வேலை நாளும் அளவு திருத்தம் செய்ய வேண்டும். பீ.எச். தெரிந்த தாங்கற் கரைசல்கள் இதற்கென உண்டு. வழமையாக 4, 7, 10 என்ற மூன்று. முதலில் 7 இல் நிறுத்துங்கள். பிறகு நீரின் தன்மைக்கு ஏற்ப 4 இலோ 10 இலோ நிறுத்துங்கள். அளக்கப்போகும் நீர் இரண்டு கரைசல்களுக்கும் இடையில் விழ வேண்டும். பிறகு மானி காட்டும் சாய்வைப் பாருங்கள். அது நூற்றுக்கு 95 க்கும் 102 க்கும் இடையில் இருந்தால் மின்வாய் நலமாக உள்ளது. மிகவும் குறைந்தால் மின்வாயைச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

தாங்கற் கரைசலை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி எடுங்கள். பாவித்ததை மீண்டும் போத்தலில் ஊற்றாதீர்கள். போத்தலைத் திறந்த திகதியை அதன்மேல் எழுதுங்கள். 10 ஆம் கரைசல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி நாளடைவில் இறங்கிவிடும்.

கண்ணாடிக் குமிழை ஒருபோதும் வறள விடக்கூடாது. பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் நனைத்து வைப்பதே முறை. காய்ச்சி வடித்த நீரில் ஊற வைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது மின்வாயின் உள்ளிருக்கும் உப்பை வெளியே இழுத்துவிடும். ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு மாற்றும்போது காய்ச்சி வடித்த நீரால் கழுவி, மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் குமிழில் மின்னேற்றம் தங்கி எண் தடுமாறும்.

பீ.எச்.ஐ இயன்றவரை கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். ஆழத்து நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு, நீர் வெளியே வந்ததும் பறந்துவிடும். பீ.எச். ஏறிவிடும். மதியத்தில் அள்ளி மறுநாள் அளந்த எண் அந்தக் கிணற்றின் எண் அல்ல, போத்தலின் எண்.

வெப்பநிலையையும் மறக்கக்கூடாது. கன்னியா போன்ற சூடான நீரில் சாய்வே மாறுகிறது. 40 பாகையில் அது ஏறத்தாழ 62 மில்லிவோல்ற்று. மானியோடு வரும் வெப்பநிலைக் கோல் இந்த மாற்றத்தை ஈடு செய்யும். ஆனால் சூட்டினால் நீரின் பீ.எச். தானே மாறுவதை அது ஈடு செய்யாது. ஆகவே பீ.எச்.ஓடு வெப்பநிலையையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.

புளோரைட்டை அளக்கும்போது

மின்வாய் தனியாகத் திரியும் புளோரைட்டை மட்டுமே உணரும். சந்தையில் கை வீசி நடப்பவர்களை மட்டும் எண்ணி, மூட்டை சுமந்து நிற்பவர்களை விட்டுவிடும் கணக்கப்பிள்ளையைப் போன்றது அது. நீரிலுள்ள அலுமினியமும் இரும்பும் புளோரைட்டைப் பிடித்து வைத்திருந்தால் எண் குறைவாக வரும். அமிலம் கூடினால் ஐதரசனும் அதைப் பிடித்துக்கொள்ளும். காரம் கூடினால் ஐதரொட்சைட்டு அயனைப் புளோரைட்டு என்று மின்வாய் மயங்கும்.

இதற்குத்தான் ஆய்வுகூடத்தார் “டிசாப்” என்று சுருக்கமாகச் சொல்லும் கரைசலைச் சேர்க்கிறார்கள். அது பீ.எச்.ஐ 5 க்கும் 5.5 க்கும் இடையில் நிறுத்துகிறது. உலோகங்களைத் தான் பிடித்துக்கொண்டு புளோரைட்டை விடுவிக்கிறது. எல்லா நீரின் உப்புத் தன்மையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வருகிறது. நீரும் இக்கரைசலும் சம அளவில் சேர வேண்டும். நியமக் கரைசலுக்கும் அப்படியே செய்ய வேண்டும். இதை ஒன்றில் சேர்த்து மற்றதில் விட்டுவிட்டால் ஒப்பிடுவதில் பொருளில்லை.

லீற்றருக்கு 1 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்ற இரு நியமக் கரைசல்களை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 54 முதல் 60 மில்லிவோல்ற்று வித்தியாசம் வர வேண்டும். வராவிட்டால் அன்று எந்தக் கிணற்றையும் அளக்க வேண்டாம். கிண்ணங்களும் போத்தல்களும் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். கலக்கும் கருவி சூடேறுவதால் கிண்ணத்தின் கீழே ஒரு தக்கைத் துண்டு வையுங்கள். நியமமும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். மின்வாயின் அடியில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எண் அசையாமல் நிற்கும்வரை சில நிமிடம் பொறுத்திருங்கள்.

இன்னும் ஒரு சோதனை உண்டு. வேறு ஒருவர் அளவு தெரிந்த கரைசல் ஒன்றைச் செய்து, அளவைச் சொல்லாமல் உங்களிடம் தரட்டும். அதைச் சரியாக அளந்த பிறகு கிணற்று நீரைத் தொடுங்கள்.

நைத்திரேற்றில் இரண்டு பொறிகள்

முதலாவது பொறி, உப்பு. நைத்திரேற்று மின்வாய் குளோரைட்டையும் ஓரளவு நைத்திரேற்று என்று எண்ணும். கடலை அண்டிய கிணறுகளில், கோடையில் உவர் ஏறும்போது, இது பெரிய பிழையைத் தரும். நைத்திரேற்று நைதரசனைப் போலக் குளோரைட்டு பத்து மடங்குக்கு மேற்பட்டால் மின்வாயின் எண்ணை அப்படியே ஏற்கக்கூடாது. குளோரைட்டை நீக்கி அளக்க வேண்டும் அல்லது நிறமானி முறையால் உறுதி செய்ய வேண்டும்.

இரண்டாவது பொறி, பெயர். சில ஆய்வுகூடங்கள் முழு நைத்திரேற்றாகக் கணக்கிடும். சில அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிடும். நைத்திரேற்றாக 50 என்பதும் நைதரசனாக 11.3 என்பதும் ஒன்றே. அறிக்கையில் “நைத்திரேற்று 20” என்று மட்டும் இருந்தால் ஆறுதல் அடையாதீர்கள். அது நைதரசனாக 20 என்றால், நைத்திரேற்றாக ஏறத்தாழ 89. எல்லையைத் தாண்டிவிட்டது.

எண் கைக்கு வந்த பின்

பீ.எச். சரியாக இருந்தால் தண்ணீர் சரி என்று முடிவு கட்டக்கூடாது. பீ.எச். 7.5 உள்ள அழகான நீரில் புளோரைட்டு 3 மில்லிகிராம் இருக்கலாம். சட்டைப் பையில் வைக்கும் பேனா போன்ற சிறு மானிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவை காட்டுவது பீ.எச். அல்லது மொத்த உப்பு மட்டுமே. வாசலுக்கு வந்து அதை நீரில் தோய்த்துக் காட்டி வடிகட்டி விற்பவரிடம், “இது புளோரைட்டைக் காட்டுமா?” என்று கேளுங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைட்டும் நைத்திரேற்றும் போகா. நீர் ஆவியாக, அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நைத்திரேற்று மிகுந்த நீரைக் கொதிக்க வைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது பாதுகாப்பல்ல.

புளோரைட்டு மிகுந்த கிணற்றை மூடிவிடவும் தேவையில்லை. குளிக்கவும் துவைக்கவும் அது உதவும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு நீர் தேடுங்கள். கூரையில் விழும் மாரி மழையைத் தொட்டியில் சேர்த்து வைக்கலாம். சுட்ட செங்கல் துண்டுகள் புளோரைட்டை ஈர்க்கும் என்பதைக் கொண்டு 1990 களில் இலங்கையில் வீட்டு வடிகட்டிகள் செய்யப்பட்டன. இந்தியாவின் நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தெளிய வைக்கிறார்கள். தமிழ்நாட்டின் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கோ ஒகேனக்கல் காவிரி நீரே கொண்டு வரப்பட்டது; அத்திட்டம் 2013 ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. எந்த வழியானாலும், வடிகட்டிய நீரையும் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். செங்கல் ஒரு நாள் நிறைந்துவிடும். அதையும் நாக்கு சொல்லாது.

கிராமத்தவர் கேட்க வேண்டிய கேள்விகள்

எல்லோரிடமும் மானி இருக்காது. நீரை அனுப்பி எண்ணைப் பெறுவதே பலருக்கும் இயலும். ஆனால் எண்ணைக் கேள்வி கேட்க எல்லோராலும் முடியும்.

மாதிரி எடுத்த போத்தல் அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசப்பட்டதா? கிணறு, திகதி, நேரம் அதில் எழுதப்பட்டதா? நைத்திரேற்றுக்கான மாதிரி குளிரில் வைத்து இரண்டு நாளுக்குள் அளக்கப்பட்டதா? அன்று மானி அளவு திருத்தம் செய்யப்பட்டதா? எந்த அலகில் எண் தரப்பட்டுள்ளது? ஒரே நீரை இரண்டு முறை அளந்தார்களா? கோடையில் ஒரு தடவை, மாரிக்குப் பின் ஒரு தடவை பார்த்தார்களா?

அயல் கிணற்றின் முடிவை உங்கள் கிணற்றுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பாறை வெடிப்பு வேலியைப் பார்த்து ஓடுவதில்லை. கன்னியாவில் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே சூட்டில் வேறுபடுகின்றன என்றால், பாலையூற்றில் ஒரே ஒழுங்கையில் இரு கிணறுகள் வேறுபடுவதில் வியப்பென்ன?

உங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் இந்த மானி இருந்தால், அலுமாரியைத் திறந்து மின்வாய் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். உயர்தர மாணவர் சிலரைச் சேர்த்துக் கொண்டு, மேற்சொன்னபடி மானிக்கு முதலில் பாடம் சொல்லி, ஊரின் கிணறுகளை ஒவ்வொன்றாக ஒரு கொப்பியில் பதியுங்கள். எல்லைக்கு அருகில் வரும் கிணறுகளை நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் உறுதி செய்த பின்னரே வீட்டாருக்கு முடிவைச் சொல்லுங்கள்.

அதுவரை எந்தத் தண்ணீரையும் பழிக்க வேண்டாம். கண்ணை மூடிக் குடிக்கவும் வேண்டாம்.